செயற்கைப் பல்வேர்: எவ்வளவு ஆழத்தில் நடுவது?

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. சொல் மட்டுமா போகிறது? முறுக்கும் கரும்பும் போகின்றன. வாய்விட்டுச் சிரிக்கும் சிரிப்பும் போகிறது. போன பல்லின் இடத்தை நிரப்ப மனிதன் நெடுங்காலமாக முயன்று வந்திருக்கிறான். கழற்றி மாட்டும் பல்செட்டு வந்தது. பக்கத்துப் பற்களைச் சீவி அவற்றின்மேல் கட்டும் பாலம் வந்தது. இவ்விரண்டும் ஈறுக்கு மேலே நிற்பவை. தாடையெலும்புக்குள்ளேயே ஓர் உலோக வேரை நட்டு, அதன்மேல் பல்லை அமைப்பது மூன்றாவது முறை. பல் மருத்துவர்கள் இதனை 'இம்பிளாண்ட்' என்பர். இக்கட்டுரையில் நாம் அதைச் செயற்கை வேர் என்றே அழைப்போம்.

நம் பெங்களூரில் பல் மருத்துவக் கல்வி புதிதன்று. விக்டோரியா மருத்துவமனையை அடுத்து அரசு பல் மருத்துவக் கல்லூரி தோன்றிய ஆண்டு 1958. அதன்பின் தனியார் கல்லூரிகள் பல தோன்றிவிட்டன. இன்று கடைத்தெருக்களில் நடந்து சென்றால் 'இம்பிளாண்ட்' என்ற சொல் எழுதிய பெயர்ப்பலகைகள் வரிசையாகக் கண்ணில் படும். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பல் வைத்துக்கொள்ள இங்கு வருவோர் உண்டு. நம்முள் பல் மருத்துவம் பயில்வோர் சிலரே. ஆனால் ஊரிலிருந்து வரும் தாயையோ தந்தையையோ மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சொல்வதைத் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு நம்முள் பலருக்கு ஒரு நாள் வரத்தான் போகிறது. சேமிப்பைச் செலவிட்டு வைக்கும் பல் அது. பத்திருபது ஆண்டுகள் நிலைக்க வேண்டிய பல். ஆகவே இதன் உள்விவரத்தை நாமும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

பல விவரங்கள் இருப்பினும் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். செயற்கை வேரை எவ்வளவு ஆழத்தில் நடுவது? "ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும், இதிலென்ன ஐயம்?" என்று தோன்றலாம். மின்கம்பத்துக்கு அது பொருந்தும். தாடையில் நடும் வேருக்கு அப்படியே பொருந்தாது. இங்கே ஒரு மில்லிமீட்டர் மேலே நின்றாலும் தொல்லை, கீழே போனாலும் தொல்லை. ஏன் என்று காண்போம்.

எலும்பு பற்றிக்கொள்ளும் உலோகம்

1952-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரேனமார்க் என்னும் ஆராய்ச்சியாளர் முயலின் கால் எலும்பில் இரத்தம் ஓடும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக டைட்டானியத்தால் ஆன சிறு கருவியொன்றை எலும்பில் பொருத்தியிருந்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியை எடுக்கப் பார்த்தால் அது வரவில்லை. எலும்பு அதனை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. பிற உலோகங்கள் பலவற்றைச் சுற்றி உடல் ஒரு நார்ப்படலத்தைப் போர்த்தி அயலானைப் போல் ஒதுக்கி வைக்கும். டைட்டானியத்தையோ எலும்பு நேரடியாக ஒட்டி வளர்ந்தது. இந்த உண்மையைப் பல்லுக்குப் பயன்படுத்தி, 1965-இல் கோத்தன்பர்க் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செயற்கை வேர்களை நட்டார் பிரேனமார்க். அந்த வேர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தன. 1982-இல் கனடாவின் டொரோண்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பின்னர் இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று.

இந்த டைட்டானியத்தின் மூலப்பொருளான இல்மனைட்டு நமக்கு அயலானது அன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலாகக் கிடப்பது அதுவே.

எலும்பு உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது என்றதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. வேர் எலும்பில் நிற்கிறது. அதன் தலையோ ஈறைத் துளைத்துக்கொண்டு வாய்க்குள் வருகிறது. வாய் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழும் இடம். எலும்போ நுண்ணுயிர் எட்டக்கூடாத இடம். இவ்விரண்டுக்கும் நடுவே காவல் நிற்பது ஈறு ஒன்றே. ஆழம் பற்றிய கேள்விக்கு விடை எலும்பில் பாதியும் ஈறில் பாதியுமாக இருக்கிறது.

கழுத்தைச் சுற்றிய காவல்

பெங்களூரில் வாழ்வோர்க்கு ஆழ்துளைக் கிணறு நன்கு தெரியும். போர் போடும்போது மேல்மண் உள்ள மட்டும் கேசிங் பைப்பை இறக்கிப் பாறையில் பதிய வைப்பார்கள். அந்தப் பைப்பைச் சுற்றியுள்ள அடைப்பு சரியாக இருந்தால், மேலே ஓடும் சாக்கடை நீர் கீழே கசியாது. அடைப்பு பழுதானால் ஆயிரம் அடி தோண்டியும் பயனில்லை, கிணறு கெட்டுவிடும். தண்ணீரைக் காப்பது கீழே உள்ள ஆழம் அன்று. மேலே உள்ள அடைப்பேயாகும். பல்லின் கதையும் இதுதான்.

இயற்கைப் பல்லின் கழுத்தைச் சுற்றி இரண்டு அடுக்கில் இவ்வடைப்பு அமைந்துள்ளது. மேலடுக்கு மெல்லிய தோல்போன்ற படலம். அது பல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே இணைப்புத் திசு என்னும் நார்க்கற்றை. இந்த நார்கள் பல்லின் வேருக்குள்ளேயே குறுக்காகப் புகுந்து பதிந்திருக்கும். 1961-இல் அமெரிக்காவில் கார்கியூலோ, வென்ட்ஸ், ஆர்பன் ஆகிய மூவரும் மனிதத் தாடைகளில் இதனை அளந்து வெளியிட்டனர். மேலடுக்கு சராசரி 0.97 மில்லிமீட்டர், நாரடுக்கு 1.07 மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அரிசி ஒன்றின் அகலந்தான் இருக்கும். அந்தச் சிறு பட்டையே ஆயுள் முழுதும் எலும்பைக் காத்து நிற்கிறது.

செயற்கை வேரைச் சுற்றியும் உடல் இத்தகைய பட்டையொன்றை அமைத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உலோகத்துக்குள் நார்கள் புக முடியாது. ஆகவே அவை வேருக்கு இணையாகவும் அதைச் சுற்றி வளையமாகவும் ஓடுகின்றன. இயற்கைப் பல்லின் ஈறு சுவரில் ஆணி அடித்த பலகை போன்றது என்றால், செயற்கை வேரின் ஈறு கழுத்தில் சுற்றிய துண்டு போன்றது. இறுகத்தான் சுற்றியிருக்கும், எனினும் ஆணியின் பிடி அதற்கு இல்லை. பல்லுக்கும் எலும்புக்கும் இடையே இரத்தம் கொண்டுவரும் சவ்வும் செயற்கை வேரைச் சுற்றி இல்லை. ஆகவே இக்காவல் இயற்கைக் காவலைவிட மெலிந்தது.

மெலிந்த காவலுக்கு உயரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கோத்தன்பர்க் ஆராய்ச்சியாளர்களான பெர்க்லுண்ட், லிண்டே ஆகியோர் 1991-இல் நாய்களின் தாடையில் நடத்திய ஆய்வில், செயற்கை வேரைச் சுற்றி மேலடுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும், நாரடுக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டரும் இருக்கக் கண்டனர். ஆக மொத்தம் மூன்று முதல் மூன்றரை மில்லிமீட்டர். இந்த எண்ணை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். மேலே சொல்லப்போவது அனைத்தும் இதைச் சுற்றியே வரும்.

உடல் தன் பங்கைக் கேட்கிறது

அந்த மூன்றரை மில்லிமீட்டர் இடம் ஈறில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1996-இல் பெர்க்லுண்டும் லிண்டேயும் இதனைச் சோதித்தனர். நாயின் ஈறை வேண்டுமென்றே 2 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்கி, வேரின் கழுத்தைச் சுற்றித் தைத்து ஆறவிட்டனர். ஆறிய பின்னர் பார்த்தால், காவல்பட்டை வழக்கமான உயரத்துக்கே அமைந்திருந்தது. அதற்கான இடம் எங்கிருந்து வந்தது? எலும்பு கரைந்து இறங்கி இடம் கொடுத்திருந்தது!

இதுவே இவ்விஷயத்தின் மையம். உடல் தன் காவல்பட்டைக்குரிய உயரத்தைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஈறிலிருந்து கிடைத்தால் ஈறிலிருந்து எடுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாம் தீர்மானிக்கக்கூடியது அதை எதிலிருந்து எடுக்க விடுகிறோம் என்பதை மட்டுமே.

மனிதரிடத்திலும் இது மெய்யாகக் காணப்பட்டது. லித்துவேனியா நாட்டின் லின்கெவிசியஸ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஈறின் தடிப்பு 2 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆக இருந்தவர்களுக்கு ஓராண்டில் 1.45 மில்லிமீட்டர் வரை எலும்பு கரையலாம் என்று கண்டனர். வேரின் இணைப்பு எலும்புக்கு மேலேயே இருக்குமாறு நட்டும் இக்கரைவு நேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. தடித்த ஈறு உள்ளவர்களிடம் கரைவு மிகச் சொற்பமாகவே இருந்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய ஈறின் தடிப்பு 2 மில்லிமீட்டர். தேவையோ மூன்றரை. பற்றாக்குறை ஒன்றரை மில்லிமீட்டர். மருத்துவருக்கு முன்னே மூன்று வழிகள் உள்ளன. வேரை எலும்பின் விளிம்போடு சமமாக நட்டு, கரைவதைக் கரையவிடுவது ஒன்று. அப்போது வேரின் மேல் மரைகள் எலும்பின் துணையை இழக்கும். அந்த ஒன்றரை மில்லிமீட்டரை முன்கூட்டியே கணக்கிட்டு வேரை விளிம்புக்குக் கீழே இறக்கி நடுவது இரண்டாவது. மேலண்ணத்திலிருந்து சிறு திசுவை எடுத்து வைத்தோ வேறு முறையாலோ ஈறையே தடிப்பாக்குவது மூன்றாவது. எதைக் கொள்வது என்று தீர்மானிக்க முதலில் ஈறின் தடிப்பை அளந்தாக வேண்டும். எலும்பை மட்டும் ஸ்கேனில் பார்த்துவிட்டு ஆழத்தை முடிவு செய்வது, மேல்மண்ணின் கனத்தைப் பாராமல் கேசிங் பைப்பை வெட்டுவது போன்றதாகும்.

இணைப்பில் உள்ள இடுக்கு

இரண்டாவது வழி எளிதாகத் தோன்றுகிறதல்லவா? இறக்கி நட்டால் தீர்ந்தது! ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி உண்டு.

பெரும்பாலான செயற்கை வேர்கள் ஒரே துண்டாக இருப்பதில்லை. எலும்பில் நிற்கும் திருகு ஒன்று. அதன்மேல் பொருத்தி ஈறைக் கடந்து மேலே வரும் இணைப்புத் தண்டு மற்றொன்று. இத்தண்டின் மேலேதான் நோயாளிகள் 'கேப்' என்று சொல்லும் பல் அமரும். திருகும் தண்டும் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடுக்கு இருக்கும். நமக்கு அது இடுக்கு. நுண்ணுயிருக்கோ அது ஒரு மாளிகை. அங்கே அவை குடியேறுகின்றன. கடிக்கும்போது தண்டு மிக நுட்பமாக அசைவதும் உண்டு. இவற்றை எதிர்த்து உடல் வெள்ளணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஓயாத இந்தச் சிறு போருக்கு அருகே எலும்பு நிற்க விரும்புவதில்லை, பின்வாங்குகிறது.

எவ்வளவு பின்வாங்குகிறது? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹெர்மன், காக்ரன் முதலியோர் 1997-இல் நாய்களின் தாடையில் வேர்களைப் பல ஆழங்களில் நட்டு ஆராய்ந்தனர். இணைப்பின் இடுக்கு எங்கே இருந்ததோ அங்கிருந்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கீழே எலும்பின் விளிம்பு போய் நின்றது. இடுக்கை மேலே வைத்தால் எலும்பு மேலே நின்றது. இடுக்கைக் கீழே இறக்கினால் எலும்பும் கூடவே இறங்கியது. இடுக்கு ஆழமாக இருக்குமிடத்தில் வெள்ளணுக்களின் நெருக்கமும் மிகுதி என்று 2006-இல் வந்த ஆய்வொன்று காட்டியது. ஆக, தட்டையான இணைப்புள்ள வேரை ஆழமாகப் புதைத்தால் எலும்பைக் காப்பதற்குப் பதிலாக எலும்பைத் துரத்தியவராவோம்.

இதற்கு மருத்துவ உலகம் இரண்டு விடைகள் கண்டது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஆந்திரே ஷ்ரோடர் வழியில் வந்தவர்கள் வேரின் கழுத்தையே நீட்டி, வழவழப்பாக ஈறைக் கடந்து வரும்படி செய்தனர். இணைப்பு எலும்பை விட்டு எட்டவே இருக்கும். ஆனால் அந்த வழவழப்பான கழுத்தையும் எலும்புக்குள் புதைத்துவிட்டால், எலும்பு அதைப் பற்றாமல், சொரசொரப்பு தொடங்கும் கோடு வரை இறங்கிவிடும். எனவே அந்தக் கோடே ஆழத்தின் எல்லை.

மற்றொரு விடை தற்செயலாகக் கிடைத்தது. 1991-இல் அகலமான திருகுகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் அகலத்துக்கேற்ற தண்டுகள் அப்போது வரவில்லை. கையிலிருந்த குறுகிய தண்டுகளையே மருத்துவர்கள் பொருத்தினர். பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்த அளவுக்கு எலும்பு கரையாதது வியப்பளித்தது. இடுக்கு திருகின் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளியிருந்ததால், எலும்புக்கும் போர்க்களத்துக்கும் இடையே தொலைவு கூடியிருந்தது! இதனை 2006-இல் லாசாரா, போர்ட்டர் இருவரும் எழுதி வெளியிட்டனர். இப்போது கூம்பு வடிவில் இறுகப் பொருந்தும் குறுகிய தண்டுகள் பரவலாக வந்துள்ளன. இத்தகைய வேர்களை எலும்பின் விளிம்புக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கீழே நடுவது இன்று வழக்கத்தில் உள்ளது. பல நேரங்களில் எலும்பு அதன் தோள்மீதே தங்கி நிற்பதையும் காண்கிறோம்.

ஆகவே "எவ்வளவு ஆழம்?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் விடை இல்லை. எத்தகைய இணைப்பு, எவ்வளவு தடித்த ஈறு என்ற இரண்டையும் அறிந்த பின்னரே எண்ணைச் சொல்ல முடியும். ஒரு வகை வேருக்கு உகந்த ஆழம் மற்றொரு வகைக்குக் கேடு.

மேலே நின்றால் என்ன? கீழே போனால் என்ன?

வேர் மேலே நின்றுவிட்டால் வரும் தொல்லைகள் விரைவில் கண்ணுக்குத் தெரியும். ஈறின் வழியே உலோகத்தின் சாம்பல் நிறம் தோன்றும். பல்லின் வடிவை ஈறிலிருந்து சிறிது சிறிதாக விரித்துக்கொண்டு வர இடம் போதாமையால், பல் காளானைப் போலத் தண்டின்மேல் திடீரென விரிந்து நிற்கும். அதன் அடியில் சோறும் கீரையும் சிக்கும். எலும்புக்குள் இருக்க வேண்டிய சொரசொரப்பான பரப்பு வெளியே தெரிந்தால் அதில் அழுக்குப் படியும். துலக்கினாலும் எளிதில் போகாது.

கீழே போய்விட்டால் வரும் தொல்லைகள் மறைவானவை, ஆகவே கொடியவை. ஈறின் விளிம்புக்கும் எலும்புக்கும் இடையே ஆழமான பை உண்டாகிறது. காற்றுப் புகாத அந்த இருட்டில்தான் எலும்பை அழிக்கும் நுண்ணுயிர்கள் செழிக்கும். பிரஷ் அங்கே எட்டாது. பல்லைச் சிமெண்டால் ஒட்டும் முறையில், வழிந்த சிமெண்டு அந்த ஆழத்தில் தங்கிவிட்டால் மருத்துவர் கண்ணுக்கும் படாது. 2009-இல் அமெரிக்காவில் வில்சன் என்பார், வேரைச் சுற்றி ஈறு நோய் கண்டவர்களை உள்நோக்குக் கருவியால் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 81 பங்கு வேர்களில் சிமெண்டுத் துணுக்கு ஒளிந்திருந்தது. அதை அகற்றிய பின்னர் அவற்றுள் பெரும்பாலானவற்றில் நோய்க்குறி மறைந்தது. இதனாலேயே ஆழத்தில் நட்ட வேருக்குச் சிமெண்டைவிடத் திருகால் பொருத்தும் பல் சிறந்ததெனக் கருதப்படுகிறது.

முன்பல்லில் இச்சிக்கல் இன்னும் கூடும். அங்கே ஈறின் கோடு பக்கத்துப் பல்லோடு ஒத்து நிற்க வேண்டும். பல்லின் ஈறுவிளிம்பு எங்கே வரவேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் கீழே வேரின் தலையை வைப்பது பொதுவான வழக்கு. நாம் மேலே நினைவிலிருத்திய அதே மூன்றரை மில்லிமீட்டர் இங்கும் வருவதைக் காண்க. வேர் பக்கத்துப் பல்லிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டராவது விலகியிருக்க வேண்டும். இரண்டு வேர்களை அடுத்தடுத்து நட்டால் இடையே 3 மில்லிமீட்டர் வேண்டும். ஏனெனில் எலும்பு கீழ்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் கரைகிறது. இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணமாக நிற்கும் ஈறுக்கு அடியில் எலும்புதான் தாங்கு. பற்கள் தொடும் இடத்திலிருந்து எலும்பு வரை 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அம்முக்கோணம் ஏறக்குறைய எப்போதும் நிறைந்திருக்கும். அதைத் தாண்டினால் நிறைவது குறைந்துகொண்டே போகும் என்று டார்னோ குழுவினர் இயற்கைப் பற்களில் அளந்து 1992-இல் காட்டினர். எலும்பு இறங்கினால் முக்கோணமும் சரிந்து, பற்களுக்கு நடுவே கரிய இடைவெளி தெரியும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பல்லைப் பிடுங்கியபின் அங்குள்ள எலும்பு நமக்காகக் காத்திருப்பதில்லை. ஓராண்டில் அதன் அகலத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடும். அக்குறைவில் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் கழித்து வருபவருக்கு எலும்பின் விளிம்பு முன்பே கீழே போயிருக்கும். அந்த விளிம்பைத் தேடிக்கொண்டு வேரையும் கீழே இறக்கினால், பல் ஒட்டகக் கழுத்தாக நீண்டு, சுற்றிலும் ஆழமான பையோடு நிற்கும். எலும்பு இருக்குமிடத்தில் வேரை நட்டுப் பின்பு பல்லைப் பொருத்துவது பழைய முறை. பல் இருக்க வேண்டிய இடத்தை முதலில் வரைந்து, அதற்கேற்ப வேரையும் எலும்பையும் ஈறையும் அமைப்பதே இன்றைய முறை.

மறுமுனையும் உண்டு

வேரின் தலையைப் பற்றியே இதுவரை பேசினோம். அதன் நுனியையும் மறத்தலாகாது. கீழ்த்தாடையின் உள்ளே உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஒரு குழாயில் ஓடுகிறது. வேரின் நுனிக்கும் அதற்கும் இடையே 2 மில்லிமீட்டராவது விட வேண்டும். தவறினால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அது நிலைத்தும் விடும். மேல்தாடையின் பின்பகுதியில் எலும்புக்கு மேலே காற்றறை இருக்கிறது. அதற்குள் துளை போய்விடக் கூடாது. துளையிடும்போது எழும் வெப்பமும் ஓர் எதிரி. எலும்பு ஒரு நிமிடம் 47 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு உள்ளானாலே கேடடையும் என்பது 1983-இல் முயல்களில் நடந்த சோதனையால் தெரிந்தது. ஆழமாகத் துளைக்கத் துளைக்கக் குளிர்நீர் அடிவரை எட்டுவது கடினம். ஆகவேதான் இடைவிடாது நீர் பாய்ச்சி, விட்டுவிட்டுத் துளையிடுகிறார்கள்.

எது வழக்கம்? எது நோய்?

வேரை நட்டு முதலாண்டில் எலும்பு சிறிது கரைவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காவல்பட்டை தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் காலம் அது. பிரேனமார்க் குழுவினர் 1981-இல் வெளியிட்ட பதினைந்தாண்டு அனுபவத்தில், ஆறும் காலமும் முதலாண்டும் சேர்ந்து சராசரி ஒன்றரை மில்லிமீட்டர் கரைந்தது; அதன்பின் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் மட்டுமே. முதலாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் 0.2 மில்லிமீட்டருக்குக் குறைவாகவே கரைய வேண்டும் என்று 1986-இல் ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. இன்றைய வேர்களில் முதலாண்டுக் கரைவு இதனினும் குறைவாக இருக்கக் காண்கிறோம்.

கரைவு நிற்காமல் தொடர்ந்தால், தொட்டதும் இரத்தம் கசிந்தால், சீழ் வந்தால், அது வழக்கமன்று, நோய். ஈறோடு நிற்கும் வரை சுத்தம் செய்து மீட்கலாம். எலும்புக்கு இறங்கிவிட்டால் மீட்பது கடினம். சில வேளை வேரையே எடுக்க நேரும். கொடுமை யாதெனில், இதில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. புகைப்பவர்க்கும், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உள்ளவர்க்கும், முன்பே ஈறு நோயால் பல்லை இழந்தவர்க்கும் ஆபத்து மிகுதி. எவ்வளவு சரியான ஆழத்தில் நட்டாலும் துலக்காத வாயில் எந்த வேரும் நிலைக்காது.

நாம் கேட்க வேண்டியவை

நண்பர்களே, நாளை நம் வீட்டாரோடு மருத்துவர் முன் அமரும்போது ஆழத்தை நாம் கட்டளையிடப் போவதில்லை. அது அவர் கல்வியும் கைத்திறனும் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் சில கேள்விகளைப் பணிவோடு கேட்கலாம். நல்ல மருத்துவர் அவற்றை வரவேற்பார்.

ஈறின் தடிப்பை அளந்தீர்களா? மெலிதாக இருந்தால் அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்? இந்த வகை வேரை எலும்பின் விளிம்புக்குச் சமமாக நடுவதா, கீழே நடுவதா? பல்லைத் திருகால் பொருத்துவீர்களா, சிமெண்டால் ஒட்டுவீர்களா? அதன் அடியைத் துலக்க இடம் இருக்குமா? ஆண்டுக்கு எத்தனை முறை வந்து காட்ட வேண்டும்?

இவற்றோடு இன்னும் இரண்டு காரியம் செய்ய வேண்டும். பல் பொருத்திய அன்று எடுத்த எக்ஸ்ரேயின் பிரதியை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் எலும்பு இறங்கியதா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுவே சாட்சி. வேரின் நிறுவனப் பெயரும் அளவும் எழுதிய சீட்டையும் கேட்டு வாங்குங்கள். பத்தாண்டு கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் திருகைக் கழற்ற நேர்ந்தால், எந்தச் சாவி பொருந்தும் என்று அதுதான் சொல்லும்.

உடல் கேட்கும் மூன்றரை மில்லிமீட்டரைத் திட்டமிட்டுக் கொடுத்தால் எலும்பு நிற்கும். கொடுக்க மறந்தால் அதைத் தானே எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு செய்தியைத் தமிழில் விளங்கும்படி நம் தாய் தந்தையர்க்கு எடுத்துச் சொல்ல முடிந்தால், நாம் கற்ற கல்வி வீட்டுக்கும் பயன்பட்டதாகும்.